வலிக்காத காய்ச்சல்

“எம் பொண்ணு சாவுக்கு என் சம்சாரந்தானுங்க காரணம். அதை நீங்கதான் நிரூபிச்சுக் கொடுக்கோணும்.”

கோவை ஆர்.எஸ்.புரத்தில், நோய் எதிர்ப்பு மருத்துவர் ஹுமேராவின் அறையில் நின்றபடியே சொன்னான் ரூபன். சோமனூரில் விசைத்தறி ஓட்டுபவன். அவனுடைய ஆறு வயது மகள் கயல்விழி, சாதாரண ஃப்ளூ காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். காரணம் புரியாமல் மருத்துவமனைதான் அவனை இங்கே அனுப்பியிருந்தது.

“அவங்க மேல ஏன் சந்தேகம்?”

“எனக்கும் அதே காய்ச்சல்தானுங்க. மேலெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி வலி, எந்திரிக்கவே முடியல. புள்ளைக்கு மட்டும் லேசா சுட்டுதாம், வலியில்லாம வெளையாடிட்டு இருந்தாளாம்னு என் சம்சாரம் சொல்றா. மூச்சு வாங்குனப்பறந்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனா. பொய்யிங்க அது. கவனிக்காம உட்டுப்போட்டா.”

“கவனக்குறைவுதான் டாக்டர், வேறென்ன?” என்று உதவி மருத்துவர் பிரான்சிஸ் முந்திக்கொண்டான்.

ஹுமேரா வேறொன்று கேட்டார். “குழந்தைக்கு முன்னாடி காயம் ஏதாவது பட்டிருக்கா?”

“கால்ல தகரம் கிழிச்சுதுங்க. சீக்கிரமே ஆறிப்போச்சு.”

“மனைவி உங்களுக்குச் சொந்தமா?”

“அத்தை பொண்ணுங்க.”

மருத்துவமனை உறையவைத்திருந்த சிறுமியின் ரத்த அணுக்களும், பெற்றோர் இருவரின் ரத்தமும் ஆய்வகத்துக்குப் போயின. முடிவு வந்ததும் ஹுமேரா இருவரையும் வரவழைத்தார். தாய்வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு வந்த செவ்வந்தி, கணவனை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

“வைரஸ் உள்ள நுழைஞ்சா செல் கண்டுபிடிச்சிடும்,” என்றார் ஹுமேரா. “உடனே இன்டர்ஃபெரான் மரபணுவைத் திறக்க உத்தரவு போகும். அதுல உருவாகிற இன்டர்ஃபெரான், பக்கத்துச் செல்களையும் உஷார்ப்படுத்தும். அந்த உத்தரவைப் பெருக்கித் தர்ற புரதத்துக்கு ஐ.ஆர்.எஃப்.7னு பேரு. கயலோட அணுக்கள்ல வைரஸைச் சேர்த்துப் பார்த்தோம். செல் கண்டுபிடிச்சுது. ஆனா அந்தப் புரதம் வேலை செய்யல. இன்டர்ஃபெரான் மரபணு பெரும்பாலும் மூடியே கிடந்துது.”

“அப்ப குழந்தைக்கு ஏன் வலி வரல?” என்றான் பிரான்சிஸ்.

“காய்ச்சல்ல நம்மளைப் படுக்கப் போடுறதுல இன்டர்ஃபெரானுக்கும் பங்கு உண்டு. ரூபனுக்கு அது சுரந்துது, வலிச்சுது. குழந்தைக்குச் சுரக்கல. வைரஸ் சத்தமில்லாம நுரையீரல் பூரா பரவிடுச்சு. கால் புண் சீக்கிரம் ஆறுச்சுன்னு நீங்க சொன்னப்பவே, மத்த எதிர்ப்புச் சக்தி சரியாத்தான் இருக்கணும்னு நினைச்சேன். அம்மா சொன்னது அத்தனையும் நிஜம்.”

“அந்தப் பழுது எங்கிருந்துங்க வந்துது?” என்றான் ரூபன்.

“அந்தப் புரதத்துக்கான மரபணுவுல பழுதான பிரதி உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒவ்வொண்ணு இருக்கு, சொந்தத்துல கட்டினதால ஒரே பழுது ரெண்டு பக்கமும் வந்திருக்கு. ஒண்ணு மட்டும் இருந்தா ஒண்ணும் ஆகாது. அவளுக்கு ரெண்டும் சேர்ந்துடுச்சு. யார் குத்தமும் இல்லைங்க.”

ரூபன் எழுந்து மனைவியின் அருகே போனான். “செவ்வந்தி...” என்றான்.

அவள் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மடியில் தூங்கிய குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு, “இவனுக்கு எப்பங்க ரத்தம் எடுக்கோணும்?” என்று மருத்துவரைக் கேட்டாள்.