வாய் மூடிய பலகைகள்

கீழறையிலிருந்து மனைவி துடைப்பக் கட்டையால் மாடித் தரையின் அடிப்பக்கத்தைத் தட்டியபோது, தச்சர் ஜன்னலோரம் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, இங்கதான் கீச்சுங்குது! குறி போடுங்க."

தட்டல் வந்த இடம் படிக்கட்டு முனை. அவரிடமிருந்து பத்தடி.

"நான் நடக்கவே இல்லடி."

"அப்ப தரை தானா நடக்குதாக்கும்! ஊர்ல இருக்கிற தரையெல்லாம் ஊமையாக்கின மகராசன், சொந்த வீட்ல மட்டும் வாயாடியை வச்சிருக்கீங்க."

அவர் போட்ட மரத்தளத்தில் யானை குதித்து விளையாடினாலும் கீழே படுத்த பூனை காதை அசைக்காது என்று ஊரே பேசும். ஊர் பேசாத நாட்களில் அவரே பேசுவார். ஆனால் குடிவந்த இந்தப் பழைய மரவீட்டில், ஒவ்வொரு கீச்சுக்கும் மாடித் தொட்டிலில் தூங்கும் ஐந்து மாதக் குழந்தை விறைத்து விழித்து, முகம் நீலமாகும்வரை அழுதது. இன்று தரையை அடக்கிவிடுவதாகச் சத்தியமே செய்திருந்தார்.

மரம் காய்ந்தால் சுருங்கும், ஆணி தளரும், பலகை உரசிக் கத்தும். வேறென்ன? சுண்ணக்கட்டியால் குறி போட்டு, இடுக்கில் பசையைப் பீய்ச்சி, அடியிலிருக்கும் உத்தரம்வரை திருகாணியை இறக்கினார். அந்தப் பலகை அடங்கியது.

மறுபடி தட்டல். இந்த முறை அலமாரியருகே. அவர் இன்னும் முட்டி போட்டபடிதான் இருந்தார்.

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று கீழே கட்டை தட்டத் தட்ட, மேலே அவர் திருகிக்கொண்டே போனார். மரத்தூளும் பசையும் கலந்த வாசனைக்கடியில், வெகுநாள் பூட்டிய பெட்டிக்குள் ஈரத்துணி புழுங்குவது போன்ற ஒரு நாற்றம், அவருக்கு ஓரடி முன்னாலேயே நகர்ந்துகொண்டிருந்தது. ஏழாவது திருகாணியை இறுக்கிவிட்டு நிமிர்ந்து, போட்ட குறிகளைத் திரும்பிப் பார்த்தார்.

படிக்கட்டிலிருந்து தொட்டில்வரை. நேர்கோடு. ஒரு காலடி இடைவெளியில் ஒவ்வொன்றும்.

"இப்ப சத்தமே இல்லீங்க!" கீழே அவள் சிரித்தாள். "நீங்க எங்க நிக்கிறீங்கன்னே தெரியல."

அது எங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே வாயை அவரே அடைத்திருந்தார். திருகாணிகளைக் கழற்றலாம். பசை? இந்நேரம் கல்லாகியிருக்கும். அவர் பசையாயிற்றே.

தொட்டிலருகே, தரை மட்டம் பார்க்க வைத்திருந்த ரசமட்டத்தைப் பார்த்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நின்றது.

நகர்ந்தது.

மெல்ல. ஓர் ஓரத்துக்கு. பலகை ஒரு நூலளவு தாழ்ந்திருந்தது. யாரோ மிதித்தது போல.

தொட்டிலை நோக்கிக் கையை நீட்டினார்.

குழந்தை விழித்தது. அழவில்லை. பொக்கை வாய் விரியச் சிரித்தது. தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டியது.

அவர் பக்கம் அல்ல.

"ஏங்க, கொஞ்சம் நடந்துதான் காட்டுங்களேன்!"

குமிழி குழாயின் விளிம்பை முட்டியது. குழந்தையின் குதிகால்கள் மெத்தையை விட்டு மேலே எழுந்தன.