பகல் தூக்கத்தின் படங்கள்

அது புனிதா வைத்த படம் இல்லை.

அவள் வைத்தவை பத்துமலையில் எடுத்த படங்கள். தலையில் பால்குடம், பக்கத்தில் ராஜன், பின்னால் சாயம் பூசிய படிக்கட்டு. போனிலிருந்து அவற்றை மடிக்கணினிக்கு மாற்றி, ஒன்று போய் ஒன்று வருகிற மாதிரி டெஸ்க்டாப்பில் போட்டுவிட்டு, சோறு வெந்துவிட்டதா என்று பார்க்க அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்தால் திரை முழுக்க ஓர் அறை. பழுப்பேறிய வெளிச்சம், கட்டில், நீலப் போர்வை, ஆணியில் தொங்கும் தொழிற்சாலைக் கோட்டு. இந்த அறைதான். கட்டிலில் ஒருத்தி வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

தூங்கும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று புனிதா அன்றுவரை பார்த்ததில்லை. செத்தவள் முகம் மாதிரி இருந்தது.

பத்து வருஷமாக அவளுக்கு ராத்திரி ஷிப்ட். சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. ஈயப் புகையில் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாத கம்பிக் கால்களைச் சர்க்யூட் பலகையில் பற்றவைக்கிற வேலை. விரல் நுனிகளில் உணர்ச்சி போய் ரொம்ப நாளாயிற்று. விடிந்ததும் கம்பெனி பஸ் அவளைக் கிள்ளானில் இறக்கிவிடும். நாலாவது மாடி ஏறி, கிரில்லைப் பூட்டி, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, ஜன்னலில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டுக் கட்டிலில் விழுவாள். கீழே ரொட்டிக்காரன் ஹாரன் அடிப்பான், பள்ளிக்கூட வேன் உறுமும், யாரோ சுவரில் துளை போடுவார்கள். எதுவும் காதில் விழாது. ஊர் விழித்திருக்கும் நேரம் அவளுக்கு ராத்திரி.

ராஜன் துறைமுகத்திலிருந்து கொள்கலன் இழுக்கும் லோரி ஓட்டுகிறான். ஈப்போ, பினாங்கு, ஜொகூர் என்று சுற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருவான், திங்கள் விடியுமுன் போவான். மூன்று தடவை கேட்டால்தான் ஒரு காற்றாடி வாங்கித் தருகிற ஆள், கேட்காமலே பிரிக்ஃபீல்ட்ஸ் கடையிலிருந்து இந்தப் பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பகல் ஷிப்டில் அலுவலக நாற்காலி ஒன்று காலியாகியிருந்தது. கணினி தெரிந்தால் அது அவளுக்குத்தான் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். "படிச்சு அந்த வேலைக்குப் போ பிள்ள. மனுசங்க மாதிரி ராத்திரியில தூங்கு," என்றான் ராஜன். அன்றைக்கு அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில், தன் உடம்பு படும் பாடு அவன் கண்ணில் பட்டது அதுதான் முதல் தடவை என்று நினைத்தாள்.

மேசையையும் அவனே போட்டுக் கொடுத்தான். ஜன்னலோர மூலையில், மடிக்கணினித் திரை கட்டிலைப் பார்த்த மாதிரி; உட்கார்ந்தால் கட்டில் முதுகுக்குப் பின்னால். அறைக் கதவு கட்டிலுக்கு அந்தப் பக்கம். மடிக்கணினியை மூடவே கூடாது, மூடினால் சூடேறிக் கெட்டுவிடும் என்றான். அவளும் மூடவில்லை.

நேர்முகத் தேர்வு அடுத்த வாரம். இன்று மழை கொட்டியது. தூக்கம் பாதியில் கலைந்ததால் எழுந்து, மடிக்கணினியைச் சுத்தம் பண்ண உட்கார்ந்திருந்தாள். எப்படி என்று லைனில் கூட வேலை செய்யும் விஷ்ணுப்ரியா குரல்பதிவாக அனுப்பியிருந்தாள்.

"அக்கா, நீங்க போட்டோ புடிச்சி அனுப்புனீங்களே ஸ்கிரீன், பாசார் மாலாம் ராத்திரிச் சந்த மாதிரி இருக்கு லா! எவன் எவனோ கடை போட்டிருக்கான். வேணாத சாப்ட்வேர் எல்லாத்தையும் தூக்குங்க, அப்பதான் அது ஓடும். அப்புறம் உங்க படத்த எல்லாம் படம் சேர்ற போல்டர்ல போட்டு, அந்த போல்டரையே வால்பேப்பரா காட்டுங்க. தானா மாறி மாறி வரும். மாமா மூஞ்சி மட்டும் வேணாம், இன்டர்வியூல பயந்துடுவாங்க!"

புனிதா சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். ஐகான்களைச் சின்னதாக்கினாள். விளையாட்டுகள் போயின. காசு கட்டச் சொல்லி மிரட்டிக்கொண்டிருந்த வைரஸ் தடுப்பு போயிற்று. இல்லாத பிரிண்டருக்கு ஒன்று, சீன எழுத்தில் பாட்டுப் பெட்டி ஒன்று. அடைத்த சாக்கடையைக் குச்சி விட்டுக் கிளறுவது போலிருந்தது. ஒவ்வொன்று போகப் போக இயந்திரம் மூச்சுவிட்டது. கடைசியில் பெயரில்லாத ஒன்று மிஞ்சியது. வெறும் சாம்பல் சதுரம். அதைப் பிறகு பார்க்கலாம் என்றுதான் படங்களை மாட்டிவிட்டுச் சோற்றைப் பார்க்கப் போனாள்.

இப்போது திரையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

படம் மாறியது. அதே கட்டில், வேறு நைட்டி. மறுபடி மாறியது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், குதிகால் வெடிப்புகூடத் தெரிந்தது. பத்துமலைப் படம் ஒன்று நடுவில் வந்து, சாயமும் சிரிப்புமாகக் கண்ணைக் கூசவைத்துவிட்டுப் போனது. பிறகு மறுபடி அறை. இந்தப் படத்தில் கதவு பாதி திறந்திருந்தது.

அவள் கதவைத் திறந்துவைத்துத் தூங்குவதில்லை.

மழை ஜன்னல் தகரத்தில் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அடுப்படியில் சோறு அடிபிடிக்கும் வாசனை வந்தது, எழுந்து போய் அணைக்கவேண்டும் என்று தோன்றியது, எழவில்லை. அடுத்த படத்தில் கதவிடுக்கில் ஓர் ஆள் நின்றிருந்தான். உயரம். வெள்ளை பனியன். தலைமுடி ஈரமாக நெற்றியில் ஒட்டி, முகத்தை மறைத்திருந்தது.

அடுத்தது. கட்டில் காலருகில்.

அடுத்தது. தலைமாட்டில். குனிந்து. முதுகு மட்டும் தெரிந்தது.

அடுத்ததில் அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான், இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு. தூங்கிக்கொண்டிருந்த புனிதா நகர்ந்து அவனுக்கு இடம் விட்டிருந்தாள். அவள் கை அவன் மடியில் கிடந்தது.

புனிதாவுக்கு அது தெரியும். தூக்கத்தில் கட்டில் ஒரு பக்கம் அமுங்கும். ராஜன் சீக்கிரம் வந்துவிட்டான் என்று அரைத் தூக்கத்தில் நினைத்து நகர்ந்து படுப்பாள். அந்த நாட்களில்தான் நன்றாகத் தூங்குவாள். எழுந்து பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். கனவு என்று இருந்துவிட்டாள்.

இந்தப் படங்களை அதே போல்டரில் சேர்த்தது அந்தச் சாம்பல் சதுரமாகத்தான் இருக்கும் என்று தோன்ற, அதைத் தேடி நீக்கச் சொன்னாள். கடவுச்சொல் கேட்டது. இதை நீக்க நிர்வாகிக்கு மட்டுமே உரிமை என்றது. கீழே நிர்வாகியின் பெயர் இருந்தது.

ராஜன்.

பிறகு நெற்றியிலிருந்த ஒட்டுப் பொட்டைப் பிய்த்துத் திரைக்கு மேலிருந்த கேமராக் கண்ணில் அழுத்தினாள்.

உடனே போன் அடித்தது.

"ஏன் மூடுன?" ராஜனின் குரல். பின்னால் லோரி எஞ்சின் இரைந்தது.

"எத?"

"நடிக்காத. கேமராவ."

"நீதான் வச்சியா?"

"நான்தான் வச்சேன். புருசன் ரோட்டுல கெடக்கான், பொண்டாட்டி பகலெல்லாம் கதவச் சாத்திக்கிட்டு வீட்டுல. பிளாட்டுல அவனவன் ஒரு மாதிரி பேசறான். நான் என்ன கேணப்பயலா?"

"படிக்கத்தானே வாங்கிக் குடுத்த…"

"படிச்ச, படிச்ச. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மொத வாசல்ல நின்னான். அப்புறம் கட்டில்கிட்ட. இப்ப கட்டில்லயே. நீ தூங்கற மாதிரி கெடக்குற. நல்ல நடிப்பு."

"ராஜன், சத்தியமா அவன் யாருன்னு எனக்குத் தெரியாது. கிரில்லு பூட்டியிருக்கு. தாப்பா போட்டுத்தான் தூங்கறேன்."

"அப்ப சாவி குடுத்திருக்க."

"ஒருத்தன் நான் தூங்கையில பக்கத்துல வந்து நிக்கிறான். அதப் பாத்துட்டு நீ ஒரு போன் பண்ணல. 'புனிதா, எந்திரி'ன்னு ஒரு வார்த்த சொல்லல."

"எதுக்குச் சொல்லணும்? எல்லாத்தையும் சேத்து வச்சிருக்கேன். உங்கண்ணன் முன்னால வச்சுக் காட்டுனாத்தான் உங்க குடும்பத்துக்கு ஒறைக்கும்."

அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. ஒரு வெறுமைதான். லோரியை ஓரங்கட்டி, தே தாரிக் டீ குடித்துக்கொண்டு, அவன் இதைப் பார்த்திருப்பான். ஒவ்வொரு நாளும் பார்த்திருப்பான். அந்த ஆள் ஒரு முழம் ஒரு முழமாக அவளை நெருங்கி வந்ததைப் பார்த்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை வந்து அவள் போட்ட சோற்றைத் தின்றிருப்பான்.

"இப்பக்கூட யாரும் இல்ல," என்றாள். "நீயே பாரு. நல்லாப் பாரு."

பொட்டைப் பிய்த்து எடுத்தாள். கேமராக் கண்ணுக்கு நேராக முகத்தைக் காட்டி உட்கார்ந்தாள்.

போனில் எஞ்சின் இரைச்சல் நின்றது, வண்டியை அணைத்துவிட்டான்.

"பாத்தியா? நான் மட்டும்தான்."

"தலையைத் தூக்கிப் பாக்கறான்," என்றான் ராஜன். குரல் மாறியிருந்தது. "இத்தன நாள் மூஞ்சியக் காட்டல. இப்ப என்னையே பாக்கறான்."

"யாரு?"

"உன் பின்னால. கட்டில்ல."

புனிதா திரும்பவில்லை. மழைக்கு நடுவில், அடிபிடித்த சோற்றின் வாசனைக்கு நடுவில், இன்னொரு வாசனை. ஈரத் துணி நாள்கணக்கில் மூட்டையில் கிடந்த வாசனை. கட்டில் பலகை முனகியது. படுத்திருந்த ஒருவர் எழுந்து உட்காரும்போது வருமே, அந்த முனகல்.

"ராஜன்." உதட்டை அசைக்காமல் பேசினாள். "பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணு. கதவ ஒடைக்கச் சொல்லு. உன் காலப் புடிக்கிறேன்."

"போன அவன்கிட்ட குடு."

"என்ன?"

"அவன்கிட்ட குடு. ஆம்பளன்னா என்கிட்ட பேசச் சொல்லு."

"இது மனுசனே இல்லடா…"

"குடுங்கறேன்!"

பலகை மறுபடி முனகியது. தரையில் ஈரக் கால். ஒன்று. இன்னொன்று. நிதானமாக.

போனைப் பிடித்திருந்த அவள் விரல்களை யாரோ பிரித்தார்கள். பிடுங்கவில்லை. ஒவ்வொரு விரலாக, பொறுமையாக. உணர்ச்சி செத்த அந்த நுனிகளிலும் குளிர் ஏறியது. போன் கையை விட்டு மேலே போயிற்று.

தலைக்கு மேல் ராஜனின் குரல் கேட்டது. கெட்ட வார்த்தை. அடுத்தது அதைவிடக் கெட்டது. உன்னை வெட்டுவேன் என்றான். லோரியை ஏற்றுவேன் என்றான்.

பிறகு நிறுத்தினான்.

வேறு குரல் எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. மழைதான்.

"ம்," என்றான் ராஜன்.

இடைவெளி.

"ம்… ம்."

ராஜன், வீட்டுக்கு வா என்று கத்த நினைத்தாள். வாய் திறக்கவில்லை.

"சரிங்கண்ணே," என்றான் ராஜன். கம்பெனி முதலாளியிடம் மட்டும் பேசும் குரலில். "இல்லண்ணே, இந்த ஞாயித்துக்கெழம வரலண்ணே. தெரியாமப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. நீங்க பாத்துக்குங்க."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

போன் மேசைமேல் வந்து அமர்ந்தது, சத்தமில்லாமல், குப்புற. ஈரக் கால்கள் திரும்பி நடந்தன. பின்னால் நீலப் போர்வையை யாரோ எடுத்து ஒரு உதறு உதறி விரித்தார்கள். சுருக்கத்தை நீவிவிட்டார்கள்.

அவள் தலையணை தட்டி வைக்கப்பட்டது.