இடது குழல்

நவம்பர் பனிமூட்டத்தைத் தோளில் சுமந்துகொண்டு வனக்காவலர் புர்க்ஹார்ட், கையில் ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியோடு, எவால்டின் பட்டறைக்குள் நுழைந்தார். ஸூல் நகரில் துப்பாக்கிப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இரண்டு குழல்களையும் ஒரே புள்ளியில் சுடவைக்க எவால்ட்தான் வேண்டும். எவால்டுக்கு மனைவி போய்ப் பதினோரு வருடம். பேச ஆளில்லாததால் அரத்தோடு பேசுவார். அரம் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளும்.

"இதச் செஞ்ச மனுஷன் இடது குழலச் சரிபண்றதுக்குள்ள போய்ச் சேந்துட்டாராம். அறுவது வருஷமா இப்படியே கெடக்கு. நீயாவது முடிச்சுட்டுச் சாவுய்யா," என்றார் புர்க்ஹார்ட்.

"மத்தியானச் சாப்பாட்ட முடிச்சுட்டுச் சாவுறேன். நீ கெளம்பு."

பூட்டுத் தகட்டில் செதுக்கியிருந்த மான், காட்டு மானைவிடக் கர்வமாக நின்றது. குழல்முனைகளுக்கு நடுவே ஈயத்தால் ஒட்டிய சிறு ஆப்பு. சூடுகாட்டி அதை மயிரிழை நகர்த்தினால், எண்பது தப்படிக்கு அப்பால் குண்டு விரற்கடை நகரும்.

பட்டறைக்குப் பின்னாலிருந்த குறிமேடையில் நின்று எவால்ட் வலது குழலில் மட்டும் குண்டு போட்டுச் சுட்டார். நடந்துபோய்க் குறிக்காகிதத்தைப் பார்த்தார்.

இரண்டு ஓட்டைகள்.

திரும்பி வந்து இடது குழலை முகர்ந்தார். புகை நாற்றம். சூடாகவும் இருந்தது.

வேறொருவர் என்றால் ஓடியிருப்பார். எவால்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்களுது ஒரு சாண் தள்ளிப் போயிருக்கே, மேஸ்திரி," என்றார்.

ஆப்பை நகர்த்தினார். ஓட்டைகள் நெருங்கின. மூன்று நாள் இப்படியே. ரொட்டியும் தொத்திறைச்சியும் குறிமேடைக்கே வந்துவிட்டன. பதினோரு வருடத்தில் முதல்முறையாக எவால்ட் வாய்விட்டுச் சிரித்தார்.

நான்காம் நாள் ஓட்டைகள் ஒட்டி நின்றன. இறுதியாக ஆப்பைப் பற்றவைத்தால் வேலை முடிந்தது. துணையும் முடிந்தது.

"ஆச்சா?" வேலிக்கு வெளியே புர்க்ஹார்ட்டின் குரல்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு," என்று பொய் சொன்னார். புர்க்ஹார்ட் போனதும், ஆப்பை வேண்டுமென்றே தவறாக நகர்த்திவிட்டுச் சுட்டார்.

காகிதத்தில் வலது ஓட்டையின் கிழிசல், வழக்கம்போல், பின்பக்கம் பிதுங்கியிருந்தது.

இடது ஓட்டையின் கிழிசல் அவரை நோக்கிப் பிதுங்கியிருந்தது.

அதைச் சுட்டவர் காகிதத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறார்.

அங்கே ஊசியிலை மரங்கள். பனி. வேறெதுவும் இல்லை.

"மன்னிச்சிருங்க," என்று முணுமுணுத்தார். ஆப்பைச் சரியான இடத்தில் வைத்துப் பற்றவைத்து, அன்று மாலையே துப்பாக்கியைக் கொடுத்தனுப்பினார்.

திங்கட்கிழமை வேறொருவருடைய ஒற்றைக்குழல் துப்பாக்கி வந்தது. ஒரே ஒரு குண்டு சுட்டார். ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே எண்பது தப்படி நடந்தார்.

இரண்டு இருந்தன.

இரண்டாவதில் விரலை வைத்தார். அவரை நோக்கிப் பிதுங்கிய கிழிசல் முனை விரலில் உரசியது.

காகிதத்துக்கு அப்பால், பனிக்குள், யாரோ துப்பாக்கியை மடக்கித் திறந்து, நிதானமாகக் குண்டு போட்டு மூடும் சத்தம் கேட்டது.