கருவாட்டுப் பாயசம்

காலை எட்டரை. மட்டக்களப்பு நகரத்துச் சிறிய இணையத்தள அலுவலகம் ஒன்றில் கணினியைத் திறந்த நிருபர் சுலோஜனா கத்தினாள்.

"கருவாட்டுப் பாயசத்தைக் காணல்ல!"

சிரிக்காதீர்கள். அது 2008, யுத்த காலம். வெளியிடாத செய்தியை யாராவது எட்டிப் பார்த்துவிட்டால், எழுதியவர் வீடு போய்ச் சேருவாரா என்று தெரியாத காலம். அதனால் ஆபத்தான வரைவுகளைச் சமையல் பகுதியில், உலகத்தில் இல்லாத பண்டத்தின் பெயர் வைத்து ஒளிப்பார்கள். உண்மையான சமையல் குறிப்புகளை எழுதுபவள் றஸீனா. இந்த வழக்கம் தெரிந்தவர்கள் நால்வர்தான்: இவர்கள் இருவர், தளத்தைப் பராமரிக்கும் பாஹிம், ஆசிரியர் உதயரூபன்.

அழிந்தது சீதேவியின் கதை. சுனாமியில் புருசனையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவள். கல்லடியில் அவள் பெயருக்குக் கட்டிய வீட்டை, கட்ட ஒப்பந்தம் எடுத்த கொந்தராத்துக்காரர் தன் ஆளுக்கு மாற்றிவிட்டார். நாளை அந்த ஆளிடம் வீட்டுத் திறப்பை, அதாவது சாவியை, கொடுக்கிறார்கள். செய்தி இன்றைக்கே வராவிட்டால் அவளுக்குப் பழைய தகரக் கொட்டில்தான். இதை அழித்தவனுக்குச் சோறு எப்படி இறங்கும்?

"பாஹிம்ட பேரிலதான் அழிஞ்சிருக்கு" என்றார் உதயரூபன். "குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டான். வேற என்ன சாட்சி?"

"அல்லாஹ்வுக்காக, நான் தொடல்ல அண்ணன். என்ட பாஸ்வேர்ட் மேசைக் கண்ணாடிக்குக் கீழ இரிக்கி. எல்லாருக்கும் தெரியும்தானே."

"கதைக்காத. உன்ட ஊர் காத்தான்குடிக்குப் போ, இனி வராத."

அந்நேரம் றஸீனா உள்ளே வந்தாள். பட்டியலைப் பார்த்ததும் கொதித்தாள்.

"என்ட பேரீச்சம்பழ அச்சாறையும் காணல்லகா! நேத்துத்தானே ஏத்தினன். நாசமாப் போவான், அதில என்னத்தக் கண்டான்?"

சுலோஜனா பட்டியலை மேலும் கீழும் பார்த்தாள். இறால் சொதி, கோழி ஆணம், வட்டிலப்பம் எல்லாம் பத்திரமாக இருந்தன.

"பாஹிம், திறந்து வாசிச்சுப் போட்டா அழிச்சிருக்கு?"

"இல்ல. இந்த இன்டர்நெட் லைனில ஒண்டு திறக்கிறதுக்குள்ள தேத்தண்ணி குடிச்சு முடிஞ்சிரும். தலைப்பைப் பார்த்து, ரெண்டுக்கும் சரி போட்டு ஒண்டா அழிச்சிரிக்கி."

சுலோஜனா ஆசிரியரிடம் திரும்பினாள்.

"அண்ணன், றஸீனாட தம்பி கலியாணத்தில என்ன சாப்பிட்டீங்க?"

"சோடா குடிச்சன். நான் மச்சம் மாமிசம் தொடாத ஆள், பந்திப் பக்கமே போகல்ல. இப்ப ஏன் அது?"

"போயிருந்தா கண்டிருப்பீங்க. புரியாணிக்குத் தொட்டுக்க, ஊறுகாய் மாதிரி, பேரீச்சம்பழ அச்சாறு வச்சாங்க. பாஹிம் ரெண்டாந்தரமும் வாங்கித் திண்டான். எந்தப் பேருக்குள்ள சீதேவிட கதை இருக்கு எண்டு தெரியாத ஒருத்தர், இல்லாத பண்டம் எண்டு தோணின ரெண்டையும் அழிச்சிருக்கார். பாயசத்துக்குப் பேர் வச்சது நான். அச்சாறு எழுதினது றஸீனா. திண்டது பாஹிம். அப்ப மிச்சம் ஆர் அண்ணன்?"



"கொந்தராத்துக்காரர் என்ட அக்காட புருசன்" என்றார் உதயரூபன். "அக்காட வாழ்க்கையைப் பார் புள்ள..."

"சீதேவிக்கு வாழ்க்கை இல்லையா? சீ! அதுக்கு இந்தப் பொடியன்ட தலையிலயா பழியைப் போட்டீங்க?"

பாஹிம் ஆட்டோ பிடித்துச் சீதேவியைக் கூட்டிவந்தான்.

"முதலே எல்லாம் சொன்னனே மகள்" என்றாள் அவள்.

"திரும்பச் சொல்லுங்க அக்கா. எங்கட பிழை."

செத்த பிள்ளைகளின் பெயரில் தொடங்கி அவள் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னாள். சுலோஜனா கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தட்டினாள். தலைப்பில் பண்டம் எதுவும் இல்லை. சீதேவியின் பெயரையும் கொந்தராத்துக்காரரின் பெயரையும் போட்டாள்.

"வரைவாச் சேமிச்சு வை, புள்ள" என்று கெஞ்சினார் உதயரூபன். "பின்னேரம் பார்ப்பம்."

"இவவை மூண்டாந்தரமும் சொல்ல வைக்கவா?"

சுலோஜனா 'வெளியிடு' என்பதை அழுத்தினாள்.