பாப்பா தலைமாட்டு ஃபில்டர்

எடைபோடும் அறையில் எந்த வாடையும் இருக்கக் கூடாது. இன்றோ டீசல் நாறியது. புகைத்தூள் மூக்கு வழியாக மூளைக்கு ஏறி ஞாபகத்தை அரிக்கிறதா என்று பார்க்கும் ஆய்வு அது. காற்றை உறிஞ்சும் கருவிகளின் ஃபில்டர்களை எடைபோட்டு நோட்டில் எழுதுவது அவள் வேலை. தராசு மெல்ல முனக, அந்த வாடை தொண்டைக்குள் இறங்க, இடுக்கி நுனியில் இருந்த ஃபில்டர் வட்டத்தைத் திருப்பிப் பார்த்தாள். நேற்று வெள்ளையாக வைத்தது அடுப்புக்கரியாய்க் கறுத்திருந்தது.

உறையில் அவள் எழுத்து: 'பாப்பா தலைமாடு'.

வீடு மேம்பாலத்தை ஒட்டி இருந்தது. பன்னிரண்டு வயது மகளின் கட்டிலருகே ஒரு கருவியை அவளேதான் வைத்திருந்தாள். துறைத்தலைவரின் மேசையில் உறையைத் தூக்கிப் போட்டாள்.

"என் பொண்ணு சுவாசிக்கிற காத்து சார் இது. இன்னும் எத்தனை நாள் அறிக்கையை மூடி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க?"

அவர் கோபப்படாதது அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

"அது போன மாசமே மேல போயிடுச்சும்மா. அங்க பீரோவுல தூங்குது. நேத்தும் சொன்னேன், முந்தாநாளும் சொன்னேன். நீங்க டாக்டரைப் பாருங்கன்னும் சொன்னேன்."

"யார்கிட்ட கதை விடறீங்க?"

அவர் முகத்துக்கு நேரே காட்டத்தான் நோட்டைத் திறந்தாள். பாப்பா தலைமாடு, கறுப்பு. ஓரத்தில்: 'ஜன்னலை இன்றே ஆணியடித்து மூடணும்.' முந்தைய நாள் அதே வரி. அதற்கு முந்தைய நாளும். முப்பத்தொரு நாள், அவள் எழுத்தில். ஒன்றுகூட நினைவில்லை.

வீட்டுக்கு ஓடினாள். மகள் இருமிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது.

"யாருடி திறந்தது?"

"நீதாம்மா. நான் மூடுவேன். புழுக்கமா இருக்குன்னு நீ திறந்துடுவ."

பாவி, பாவி என்று தன்னையே திட்டியபடி ஜன்னலை மூடினாள். கொண்டி போட்டாள். சமையலறைக்குப் போய்ச் சுத்தியலை எடுத்தாள்.

திரும்பினாள்.

எதற்குச் சுத்தியல்? மேசைமேல் வைத்தாள்.

மகள் அறையில் வெக்கை. மூச்சு முட்டியது. கோபம் தலைக்கேறியது.

"எவ இப்படி அடைச்சு வச்சது? பிள்ளைக்குக் காத்து வேண்டாமா?"

கொண்டியை நீக்கினாள். இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தாள். லாரிச் சத்தம் உள்ளே வந்தது.

மகள் வீட்டுப்பாட நோட்டை மூடி வைத்தாள். போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.