கிட்டப் போய் எடுத்த படம்

திருச்சுழிக்கு முந்தின விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நாகஜோதிக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. மதுரையில் போட்டோகிராபி படிக்கிறவள். ஊர்ப்பக்கத்துக் கருவேலங்காட்டில் எரியும் கரிமூட்டங்களைப் போன வாரம் நாள் முழுக்க வெயிலில் காய்ந்து எடுத்திருந்தாள். பாடம் எடுக்கும் உதயகுமார் சார் அத்தனையையும் சீட்டுக்கட்டு மாதிரி தள்ளிவிட்டு ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்.

"எல்லாமே தூரத்துல நின்னு எடுத்தது. இதுல மூட்டத்து மேல ஒரு கை தெரியுது, யாரு கைன்னு தெரியாம மங்கிக் கெடக்கு. கிட்டப் போக என்னம்மா பயம்? ஒழுங்கா எடுத்துட்டு வா. இல்லேன்னா கண்காட்சியில உனக்கு இடம் இல்ல."

மூன்று வருடப் படிப்பும் அந்தக் கண்காட்சிச் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் எடுத்த அன்றைக்கு அங்கே எந்தக் கையும் அவள் கண்ணில் படவில்லை.

உச்சிவெயில். காட்டுக்குள் காக்கா சத்தம்கூட இல்லை. ஈரமண்ணும் புகையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. விறகை அடுக்கி, மேலே மண்ணை அப்பி, உள்ளே தீயை வைத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருப்பார்கள். வெளியே பார்த்தால் சும்மா மண்மேடு. உள்ளே கொதிக்கும்.

மூட்டத்துக் குத்தகைக்காரர் பாண்டிராஜ் மம்பட்டியோடு மேட்டடியில் நின்றிருந்தார். அவள் கேமராவில் படத்தைப் பெரிதாக்கி நீட்டினாள்.

"அண்ணே, இது யாரு கை?"

அவர் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"வீரணன்," என்றார் மெதுவாக. "மேல ஏறி மண்ணு போட்ட கூலியாளு. கால் பொதஞ்சு உள்ள போயிட்டான்."

"அவுக திருப்பூருக்குப் போயிட்டதாத்தானே வீட்டுல சொல்றாக?"

"நாந்தான் சொன்னேன். மூட்டத்தத் தொறந்தா காத்து ஏறி லோடு பூராம் சாம்பலாயிரும். அதான் மேல மண்ணத் தள்ளி மூடிட்டேன்."

நாகஜோதி மறுபடி திரையைப் பார்த்தாள். படத்தில் அந்தக் கை விரல்களை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தது. மண் விழும்போது மனுஷன் உயிரோடு இருந்திருக்கிறான்.

"அத அழிச்சிரு, பிள்ள."

"மாட்டேன்."

முடியைக் கொத்தாகப் பிடித்து அவளை மேட்டின் மேல் இழுத்துப் போனார். புகை கக்கும் விரிசலில் முகத்தை அழுத்தினார். புருவம் பொசுங்கும் நாற்றம் அவளுக்கே வந்தது. அவர் மணிக்கட்டைக் கவ்விக் கடித்தாள். வாயெல்லாம் ரத்தம். பிடி விட்டதும் உருண்டு கீழே விழுந்தாள். கேமரா கழுத்திலேயே கிடந்தது.

மேலே நின்று பாண்டிராஜ் மம்பட்டியை ஓங்கினார்.

அவர் காலடியில் மண் வெடித்தது.

உள்ளேயிருந்து ஒரு கை வந்தது.

கரிக்கட்டையாகக் கறுத்த கை. அது அவர் கணுக்காலைப் பற்றி முறுக்கியது. எலும்பு முறிந்த சத்தம் சுள்ளி ஒடிந்த மாதிரி கேட்டது. இடுப்புவரை உள்ளே இறங்கினார். கைலி பற்றிக்கொண்டது, சட்டை பற்றிக்கொண்டது. கத்தக்கூடத் தெம்பில்லாமல் அவளைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"புடி தாயி. கையப் புடி."

மேட்டில் ஓர் எட்டு வைத்தால் எட்டிவிடும்.

வைத்தாள்.

கேமராவைத் தூக்கினாள்.

பாண்டிராஜ் மூட்டத்தில் தவறி விழுந்து செத்ததாக ஊர் பேசிக்கொண்டது. அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வீரணன் வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் படம் போலீசுக்குப் போய்விடும், கண்காட்சி போய்விடும். அவளும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டாள்.

படத்தில் கறுத்த கை விழவில்லை. பாண்டிராஜ் நீட்டிய கை மட்டும், நகக்கண்ணில் ஒட்டிய கரி தெரிகிற அளவுக்குத் தெளிவாக, கண்காட்சிச் சுவரில் தொங்கியது.

"இப்பத்தான் கிட்டப் போயிருக்க," என்றார் உதயகுமார் சார். படத்தின் சட்டம் லேசாகச் சாய்ந்திருந்தது. நேராக்கப் போனார்.

வீறிட்டார்.

கையைச் சட்டென்று எடுக்க முடியவில்லை அவரால். சுவரில் காலை ஊன்றித்தான் பிடுங்கினார். உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது. புறங்கையில் ஐந்து விரல் தடம் கொப்புளமாக எழும்பியிருந்தது.

ஆட்கள் அவரைத் தாங்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். கூடத்தில் நாகஜோதி மட்டும் நின்றாள். அந்தக் கை தேடுவது சாரை இல்லை என்று அவளுக்குத் தெரியும். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

ஈரமண்ணும் புகையும் கலந்த வாடை வந்தது.

"தாயி," என்றது படம். "இன்னும் கொஞ்சம் கிட்ட வா."