301ஆம் பக்கத்தின் கூடப்பிறப்பு

காலை 8.40.

முந்நூறாம் பக்கத்தைப் புரட்டினால் முந்நூற்று மூன்றாம் பக்கம் வந்தது.

நூலகர் தாள்களை ஊதிப் பிரித்துப் பார்த்தார். ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. கிழிந்த ஓரமும் இல்லை. முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம் கொண்ட ஒரு தாள் புத்தகத்தைவிட்டுப் போயிருந்தது. ‘நாற்காலியின் ஐந்தாவது கால்’ என்ற அந்த அரசியல் சதி நாவலில், ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டம் போட்டது யார் என்று சொல்லும் ஒரே தாள் அதுதான்.

இந்த நூலகத்தில் ஒரு விதி உண்டு. புதுப் புத்தகம் எடுத்துப்போகிறவர் திருப்பித் தந்ததும் கருத்துப் பதிவேட்டில் இரண்டு வரி எழுத வேண்டும். நூலகர் பதிவேட்டைப் பிரித்தார். அந்த மாதம் நாவலை எடுத்தவர்கள் ஐந்து பேர்.

கணக்கு வாத்தியார், 1 முதல் 4ஆம் தேதி வரை: ‘சதிகள் இரண்டு. திருப்பங்கள் ஏழு. மந்திரியின் மேடைப் பேச்சில் “மக்களே” முப்பத்தொன்று. தர்க்கம் பூஜ்ஜியம்.’

நூலகக் குழுத் தலைவர், 5 முதல் 9 வரை: ‘ஒரு வரி விடாமல் வாசித்தேன். சமுதாயத்தைக் கெடுக்க வந்த குப்பை.’

டாக்சிக்காரர், 12 முதல் 16 வரை: ‘டிரைவர்தான் குற்றவாளின்னு முடிச்சிருந்தா ஜன்னல் வழியா எறிஞ்சிருப்பேன். மந்திரியோட மச்சான்னு போட்டதால புத்தகம் பிழைச்சது.’

தையற்கடை அம்மா, 18 முதல் 22 வரை: ‘யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லல. எழுதினவருக்கே தெரியாதா? இதையே நினைச்சு ஒரு சட்டைக்கு ரெண்டு இடது கை வச்சுத் தைச்சுட்டேன்.’

பல் டாக்டர், 23 முதல் 28 வரை: ‘குற்றவாளியைச் சொல்லாமல் விட்ட துணிச்சலை வணங்குகிறேன். முடிவின்மையே முடிவு. உலகத் தரம்.’

வாசகர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வது புதிதல்ல. ஆனால் ஒருவர் மச்சான் என்கிறார், இருவர் ஆளே இல்லை என்கிறார்கள். அந்த உலகத் தரம்தான் நூலகரை உறுத்தியது. அதனால்தான் இன்று, முப்பதாம் தேதி காலை, கடைசிப் பக்கங்களைப் புரட்டினார்.

காலை 9.05.

தலைவர் வந்தார். அரசு இலாகா ஒன்றில் முப்பது வருடம் கோப்புகளை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு அனுப்பி ஓய்வுபெற்றவர். கூடத்துக்குள் நுழைந்ததும் வழக்கம்போல் எதிர்ச் சுவருக்கு முன் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். சுவரில் ஆளுயரக் கண்ணாடிச் சட்டம் ஒன்று இரண்டு வாரமாகத் தொங்குகிறது. பத்தாம் தேதி ஆண்டு விழாவில் அவர் ஆற்றிய உரை, தங்க எழுத்தில். ‘என் நாக்கில் நாளைய தலைமுறை பேசுகிறது’ என்று தொடங்கி, ‘நாளை பொழுது விடியும்போது...’ என்று முடியும். அந்த மூன்று புள்ளிகளைக் கேட்டுப் பல் டாக்டர் கண் கலங்கியதாகச் சொல்வார்கள். புள்ளிகளை எப்படிக் கேட்டார் என்று யாரும் விசாரிக்கவில்லை.

நூலகர் விஷயத்தைச் சொன்னார். தலைவருக்கு அதிர்ச்சியைவிட உற்சாகம் அதிகமாக இருந்தது.

“இந்தப் புத்தகமே வேணாம்னு நான் அப்பவே சொன்னேனேம்மா! சரி, பதிவேட்டைக் காட்டுங்க. டாக்சிக்காரன் முடிவைப் படிச்சிருக்கான். அப்போ பதினாறாம் தேதி தாள் இருந்தது. பதினெட்டாம் தேதி எடுத்துட்டுப் போன அம்மாவுக்கு இல்ல. நடுவுல ரெண்டு நாள் புத்தகம் யார்கிட்ட இருந்தது?”

“நூலகத்துல.”

“நூலகத்துலன்னா உங்ககிட்ட.” அரைமணி நேரத்தில் கடிதம் ஒன்று தட்டச்சாகி வந்தது. ‘என் கவனக்குறைவால் நூல் சேதமடைந்தது; அதைப் பட்டியலிலிருந்து நீக்கச் சம்மதிக்கிறேன்.’

“பன்னண்டு மணிக்குக் குழு கூடுது. கையெழுத்துப் போட்டா புத்தகம் மட்டும் போகும். போடலைன்னா நாளையிலேர்ந்து நீங்களும் வர வேணாம்.”

“போட மாட்டேன் சார்.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சா இன்னும் சத்தமாச் சொல்ல வேண்டியிருக்கும்.”

காலை 9.50.

பழுது பார்த்த புத்தகங்கள் நிறைந்த பையோடு ஊசியம்மா உள்ளே வந்தார். அச்சகங்களுக்கும் நூலகங்களுக்கும் பைண்டிங் செய்கிறவர். ஊசி என்ற பட்டப்பெயர் தொழிலால் வந்ததா நாக்கால் வந்ததா என்பதில் ஊருக்குள் இரு கட்சி உண்டு. நூலகருக்கு மாமியார்.

“முகம் ஏம்மா இப்படி இருக்கு? என் பிள்ளை ஏதாவது சொன்னானா?”

“அவர் சொல்லியிருந்தா நானே பார்த்துக்குவேன் அத்தை. இதைப் பாருங்க.”

ஊசியம்மா கடிதத்தைத் தொடவில்லை. புத்தகத்தை வாங்கி, முதுகை முகர்ந்து, கடைசிப் பகுதியை அகல விரித்தார். 296க்கும் 297க்கும் நடுவில் வெள்ளைத் தையல் நூல் தெரிந்தது.

“பதினாறு பக்கத்தை ஒரே பெரிய தாள்ல அடிச்சு மடிப்போம். அது ஒரு ஃபாரம். மடிச்சா எட்டுத் தாள். நூலுக்கு இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு இருக்கணும். எண்ணு.”

நூலகர் எண்ணினார். “மூணு... மூணு.” நிமிர்ந்தார். “அத்தை, காணாம போனது ஒரு தாள் இல்ல. ரெண்டு!”

முன்பாதியைப் புரட்டினார். 290க்கு அடுத்து 293.

“இதை நான் பார்க்கவே இல்லையே!”

“நீ என்ன, அஞ்சு பேர் படிச்சிருக்காங்க, ஒருத்தருக்கும் தெரியல. அங்க என்ன கதை நடக்குது?”

“மந்திரி மேடையில பேசுறார். 285ல ஆரம்பிச்சு 298 வரைக்கும் பேசிக்கிட்டே இருப்பார்.”

“அதான்,” என்றார் ஊசியம்மா.

காலை 10.20.

டாக்சி நிறுத்தம் தெருவுக்கு எதிர்ப்புறம். டாக்சிக்காரர் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தார்.

“முடிவைப் படிச்சீங்களா?” என்றார் நூலகர்.

“மச்சான்தான்க்கா. சந்தேகமே இல்ல.”

“தாள் உறுதியா இருந்துச்சா?”

அவர் யோசித்தார். “லேசா ஆடுச்சு. பழைய வண்டிக் கதவு மாதிரி. நான் அழுத்தி மூடிட்டேன்.”

“மந்திரியோட பேச்சு?”

“அதையெல்லாம் யாருக்கா படிப்பா? கைதட்டல்னு வர்ற இடம் வரைக்கும் அப்படியே தள்ளிட்டேன்.”

“புத்தகத்தை யார் கையில கொடுத்தீங்க?”

“யார் கையிலயும் கொடுக்கல. பதினாறாம் தேதி பண்டிகை லீவு. பூட்டியிருந்துச்சு. வாசல் பெட்டியில போட்டேன். கொஞ்சம் உயரத்துலேர்ந்து.” குரல் இறங்கியது. “அக்கா, மெம்பர் லிஸ்ட்லேர்ந்து என் பேரை அடிச்சிருவாங்களா?”

“இருங்க. பன்னண்டு மணிக்கு வாங்க.”

காலை 10.45.

வாசல் பெட்டி மரத்தால் ஆனது. மேலே துவாரம், பின்னால் பூட்டு. நூலகர் திறந்தார். ஊசியம்மா தரையில் உட்கார்ந்து, அடிப்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் இடையே இருந்த சந்தில் எலும்புத் துண்டால் ஆன தன் மடிப்புக் கத்தியை விட்டு நெம்பினார்.

ஒரு தாள் வெளியே வந்தது. 301. பின்பக்கம் 302.

“கிடைச்சாச்சு!” நூலகர் கைதட்டிவிட்டார்.

“குதிக்காதே. ஓரத்தைப் பார்.”

தாளின் உள் ஓரத்தில் மடிப்பு அப்படியே இருந்தது. மடிப்பைத் தாண்டி நூலிழை அகலத்துக்கு ஒரு மெல்லிய விளிம்பு. மடிப்பில் ஊசித் துளைகள். விளிம்பின் நுனி மட்டும் பிளேடு போட்டதுபோல் நேர்க்கோடு.

“வெட்டு இந்தத் தாளுக்கு விழல. அது கூடப் பிறந்ததுக்கு விழுந்திருக்கு. 291ம் 301ம் ஒரே தாளோட ரெண்டு பாதி. ஒண்ணை வெட்டும்போது விரல் அகலம் விட்டு வெட்டினா மத்தது நிக்கும். இந்த மனுஷன் தடயமே தெரியக் கூடாதுன்னு மடிப்பை ஒட்டிச் சுத்தமா வெட்டியிருக்கார். பிடிப்பு போச்சு. பாவம், இது பசையில தொத்திக்கிட்டு இருந்து, பெட்டியில விழுந்த அதிர்ச்சியில கழண்டுடுச்சு.”

“அப்போ முடிவை மறைக்கணும்னு யாரும் நினைக்கலை.”

“முடிவைப் பத்தி அவருக்குக் கவலையே இல்ல. அவருக்கு வேண்டியது அந்தப் பேச்சு.”

“யாருக்கு அத்தை வேணும் அந்தப் பேச்சு?”

ஊசியம்மா புடவைத் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

காலை 11.10.

கணக்கு வாத்தியார் வாசிப்பறையில் செய்தித்தாளில் வரும் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“வாத்தியாரே, மந்திரியோட பேச்சு முழுசும் படிச்சது நீங்க ஒருத்தர்தான். ‘மக்களே’ முப்பத்தொண்ணு. நிச்சயமா?” என்றார் நூலகர்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “என்னைக் கெட்டவன்னு சொல்லு, பொறுத்துக்கறேன். எண்ணத் தெரியாதவன்னு சொல்லாதே.”

“இப்போ ஒரு தடவை எண்ணுங்களேன்.”

எண்ணினார். முகம் வெளிறியது. மறுபடி எண்ணினார். “இருபத்திரண்டு.”

நூலகர் அவர் தோளுக்கு மேலாக 290ஆம் பக்கத்தின் கடைசி வரியைப் படித்தார். பிறகு தலையைத் திருப்பிக் கூடத்தின் எதிர்ச் சுவரைப் பார்த்தார். தினமும் காலையில் தானே ஈரத் துணியால் துடைக்கும் இடம்.

“இப்போதான் தெரிஞ்சுதா?” என்றார் ஊசியம்மா. “எனக்கு அரைமணி நேரமாச் சந்தேகம். நான் தூசி துடைக்கிறவ இல்ல, அதான் லேட்டாச்சு.”

பகல் 12.00.

கூடத்தில் நீள மேசை. தலைமையில் தலைவர், பக்கத்தில் குழு உறுப்பினரான பல் டாக்டர். எதிரே நூலகர். முடிவு கிடைத்துவிட்டதாம் என்று கேள்விப்பட்டு, தையற்கடை அம்மா கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்திருந்தார். வாத்தியாரும் டாக்சிக்காரரும் சுவரோரம்.

“கையெழுத்து?” என்றார் தலைவர்.

“அதுக்கு முன்னால ஒரு கேள்வி,” என்று ஊசியம்மா எழுந்தார். “மந்திரியோட பேச்சை யாரெல்லாம் படிச்சீங்க?”

தையற்கடை அம்மா உதட்டைப் பிதுக்கினார். பல் டாக்டர், “அதன் மௌனங்களை வாசித்தேன்” என்றார்.

“நீங்க தலைவரே?”

“நான் எதையும் ஒரு வரி விடாமல் வாசிப்பவன். பதிவேட்டிலேயே எழுதியிருக்கேன்.”

“அப்போ நீங்க படிச்சப்ப 291 இருந்துச்சா?”

தலைவர் இரண்டு பதிலையும் எடைபோட்டுப் பார்த்தார். இருந்தது என்றால் அதில் என்ன இருந்தது என்று அடுத்த கேள்வி வரும். இல்லை என்றால் ஏன் சொல்லவில்லை என்று வரும்.

“நினைவில்லை.”

“பரவாயில்ல. எங்க வீட்டுப் பொண்ணு நினைவுபடுத்துவா.”

நூலகர் புத்தகத்தோடு சுவரருகே போனார். 290இன் கடைசி வரியைப் படித்தார்: “‘நான் பேசவில்லை, மக்களே!’” புத்தகத்தைத் தாழ்த்திக் கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்து, மூச்சு விடாமல் தொடர்ந்தார்: “‘என் நாக்கில் நாளைய தலைமுறை பேசுகிறது. வரலாறு என் தோளில் கைபோட்டு நடக்கிறது, மக்களே...’”

தங்க எழுத்துகளை வரி வரியாக இறங்கினார். வாத்தியார் விரலை மடக்கிக்கொண்டே வந்தார். கடைசி வரி வந்தது.

“‘நாளை பொழுது விடியும்போது...’” நூலகர் புத்தகத்தில் 293ஆம் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். “‘உங்கள் தெருச் சாக்கடையில் அடைப்பு இருக்காது, அதற்கும் ஒரு குழு அமைத்துவிட்டேன்.’”

டாக்சிக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்.

“ஒன்பது!” என்று வாத்தியார் கத்தினார். “இருபத்திரண்டும் ஒன்பதும் முப்பத்தொண்ணு! நான் தப்பா எண்ணல!”

“ஒரே சிந்தனை இரண்டு பேருக்கு வரக் கூடாதா?” தலைவர் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“வரலாமே,” என்றார் ஊசியம்மா. “ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல தாள் தீராது. புத்தகத்தைப் பார்த்து எழுதியிருந்தா வாக்கியம் முடியற இடத்துல முடிச்சிருப்பீங்க. தொடங்கற இடத்துல தொடங்கியிருப்பீங்க. நீங்க வெட்டின தாளை மட்டும் கையில வச்சுக்கிட்டு மேலேர்ந்து கீழ வரைக்கும் காப்பி அடிச்சிருக்கீங்க. தாள் முடிஞ்சதும் மூணு புள்ளி. அதுக்கு அழுதவங்களும் உண்டு.”

பல் டாக்டர் மேல்கூரையை ஆராய்ந்தார்.

“அஞ்சாம் தேதியிலேர்ந்து ஒன்பதாம் தேதிக்குள்ள வெட்டினீங்க. பத்தாம் தேதி பேசினீங்க. கூடப்பிறந்த தாள் ஒரு வாரம் கழிச்சுக் கழண்டதால பழி எங்க வீட்டுப் பொண்ணு தலையில விழுந்துச்சு. மந்திரியைக் கிண்டல் பண்ண எழுதின பேச்சை நிஜமாவே பேசின மனுஷன் இந்த உலகத்துல நீங்க ஒருத்தர்தான் தலைவரே.”

நூலகர் தட்டச்சுக் கடிதத்தைத் தலைவர் முன் நகர்த்தி, பேனா மூடியைத் திறந்து அதன் மேல் வைத்தார்.

“‘என் கவனக்குறைவால் நூல் சேதமடைந்தது’ன்னு இருக்கு சார். ஒரு வார்த்தை மாத்த வேண்டியதில்ல. ‘நீக்கச் சம்மதிக்கிறேன்’ங்கிறதை மட்டும் அடிச்சிடுங்க.”

தலைவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் இன்னும் மேல்கூரையில்தான் இருந்தார். தலைவர் அடித்தார். கையெழுத்துப் போட்டார். சட்டத்தைக் கழற்ற எழுந்தபோது நூலகர் குறுக்கே நின்றார்.

“அது நூலகத்துச் சொத்து. தொடாதீங்க.”

மாலை 4.30.

301ஐ ஊசியம்மா தைத்து முடித்தார். தையற்கடை அம்மா நின்றபடியே படித்து, “மச்சானா? இதுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்” என்றார். பல் டாக்டர் பதிவேட்டில் ஒரு வரி சேர்த்தார்: ‘முடிவு கிடைத்ததால் நாவல் தரம் இறங்கிவிட்டது.’

“இந்த ஒரு புத்தகத்தை யாராவது முழுசாப் பாராட்டுவாங்களா அத்தை?”

“எதுக்கும்மா பாராட்டணும்? அலமாரியில இருந்தாப் போதும்.”

நூலகர் வெள்ளைத் துண்டுச் சீட்டு ஒன்றில் எழுதி, 290க்கும் 293க்கும் நடுவில் ஒட்டினார். பிறகு புத்தகத்தை உள்ளறைக்கு அல்ல, வாசலைப் பார்த்த முதல் தட்டுக்கு, அட்டை தெரியும்படி கொண்டுபோய் வைத்தார். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:

‘291, 292ஆம் பக்கங்களுக்கு எதிர்ச் சுவரைப் பார்க்கவும்.’